செய்து பிழை

மூன்றாம் மாடியில் அந்தக் கணினிப் பயிலகம் திறக்கும்வரை மனிதகுலம் எதையும் ஒழுங்காகக் கற்றதே இல்லை. புத்தகம், வகுப்பு, ஆசிரியர் என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளை வீணடித்துவிட்டது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவன்கூட, முதலில் ஒரு வண்டியைச் செய்து ஓட்டிப் பார்த்திருந்தால் வேலையை இன்னும் சீக்கிரம் முடித்திருப்பான் என்பது பயிலகத்தின் இயக்குநர் ஆராய்ந்து கண்ட உண்மை.

ஆகவே அவருடைய பயிலகத்தில் பாடம் கிடையாது. நாற்பது நாள், நாற்பது செயலிகள். நிரல்மொழியைப் படித்துவிட்டுச் செயலி செய்வது பழைய முறை. செயலி செய்யச் செய்ய நிரல்மொழி 'தானாக வந்து ஒட்டிக்கொள்வது' புதிய முறை. வகுப்பறைச் சுவரில் கையகல எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டி ஒட்டி ஒரு முழக்கம் வைத்திருந்தார்: 'செய்து பிழை'. அதற்குக் கீழே அதே அளவில் இன்னொரு வரி: 'தரம் எங்கள் உயிர்'.

"பிழைன்னா தப்பு பண்ணச் சொல்றீங்களா சார், பிழைச்சுக்கச் சொல்றீங்களா?" என்று முதல் நாளே ஒருத்தி எழுந்து நின்று கேட்டாள்.

"ரெண்டும்தான்மா. தப்பு பண்ணு, அதுல கத்துக்கோ, கத்துக்கிட்டுப் பிழைச்சுக்கோ. ஒரே சொல்லுல மூணு பாடம்!"

"சொல்லித்தர யாராவது வருவாங்களா சார்?"

"வந்தா உங்களைத் தப்பு பண்ண விடமாட்டாங்களேம்மா!"

முப்பது பேர் கைதட்டினார்கள். கேட்டவள் மட்டும் தட்டவில்லை. அவளைத் தெருவே 'பட்டம்' என்றுதான் கூப்பிடும். அவள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்து, அதே வாசல் வழியாகக் காகிதம் ஒன்றோடு வெளியே வந்தவள் அவள். வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. நூல் யார் கையில் இருக்கிறது என்றே தெரியாமல், நேர்காணலுக்கு நேர்காணல் அலைந்துகொண்டிருந்தது பட்டம். "படிச்சிருக்கீங்க, சரி. என்ன செஞ்சிருக்கீங்க?" என்று போன இடமெல்லாம் ஒரே கேள்வி.

அந்தக் கேள்விக்கு மூன்றாம் மாடியில் பதில் கிடைக்கிறதாம் என்று செய்தி கொண்டுவந்தவள் அம்மா. அந்தக் கட்டடத்தின் நான்கு மாடிகளும் அம்மாவுக்கு அத்துப்படி. காலை ஆறு மணிக்கு வந்து அத்தனையையும் கூட்டித் துடைத்து, மாடிக்கு ஒன்றாக நான்கு பொதுக் கழிப்பறைகளைக் கழுவுகிறவள் அவள்தான். மகளைப் படிக்கவைத்தது அந்த வாளியும் துடைப்பமும்தான். பட்டமளிப்பு விழாவில் முதல் வரிசையில் உட்காரவைக்கப்பட்டவர்கள் வேறு யார் யாரோ.

நாற்பதாம் நாள் பெரிய நிறுவனத்திலிருந்து ஓர் அதிகாரி வருவார். சிறந்த செயலியைச் செய்தவருக்கு வேலை உறுதி. முப்பத்தொரு பேர், ஒரே ஒரு வேலை.

முதல் வாரம் பட்டம் காலை ஆறு மணிக்கே அம்மாவோடு வந்து கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போனால் போதும், திரை முழுக்கச் சிவப்பு எழுத்து நிரம்பிவிடும். பிழை: வரி 14. பிழை: வரி 15. பிழை: வரி 22.

துடைப்பதை நிறுத்திவிட்டு அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள். "பிழை... பிழை... பிழை... ஏய், நல்ல மெஷினா இருக்கே! நல்லாப் பிழைன்னு வரிசையா வாழ்த்துது பாரு!"

"அது வாழ்த்து இல்லம்மா. நான் தப்புத் தப்பா எழுதறேன்னு திட்டுது."

"தப்பு பண்ணினாப் பிழைன்னு சொல்லுதா? என்னை இதுவரைக்கும் எந்த மேனேஜரும் அப்படிச் சொன்னதில்லைடி."

செயலிகள் 'நடைமுறை வாழ்க்கை'யிலிருந்து பிறக்கவேண்டும் என்பது இயக்குநரின் உத்தரவு. உத்தரவு அப்படியே நிறைவேறியது. மின்விசிறியைப் போடச் சொல்லி விண்ணப்பிக்கும் செயலி ஒன்று பிறந்தது. விசிறியின் பொத்தான் விண்ணப்பிப்பவரின் தலைக்கு மேலேயே இருந்தது. ஆனால் அதைத் தட்டினால் விண்ணப்பம் பதிவாகாதே! மாடிப்படி ஓரக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு பையன் அதற்குச் 'சொட்டுக் கணக்கி' எழுதினான். சொட்டுக்கு ஒரு தட்டு. காலை முதல் மாலை வரை குழாயடியில் குந்தி உட்கார்ந்து தட்டினான்.

"அண்ணா, ஒரு வாஷரை மாத்தினாக் குழாய் நின்னுடுமே?" என்று பட்டம் வழிகாட்டியிடம் கேட்டாள். வழிகாட்டி என்பவர் மூன்று வருடம் முன்பு அங்கே பயின்று, வேலை கிடைக்கும்வரை 'தற்காலிகமாக' அங்கேயே தங்கிவிட்ட ஓர் அண்ணன்.

"நின்னுட்டா தரவு எங்கேருந்து வரும்?" என்றார் வழிகாட்டி, நியாயமாக.

பட்டம் கடைசிச் செயலிக்கு எடுத்துக்கொண்டது கழிப்பறை. முப்பத்தொரு பேருக்கு மூன்றாம் மாடியில் இருந்தது ஒன்று. வரிசையில் நின்று நின்று கால் மரத்ததுதான் மிச்சம். அதனால் 'காலியா?' என்றொரு செயலி எழுதினாள். உள்ளே போகும்முன் 'போகிறேன்' என்று கைபேசியில் தட்டினால் எல்லோருடைய கைபேசியும் சிவப்பாகும். வெளியே வந்து 'வந்துவிட்டேன்' என்று தட்டினால் பச்சையாகும். யாரும் நிற்கவேண்டாம். இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள். கடைசி வரியை எழுதி ஓடவிட்டபோது திரையில் ஒரு 'பிழை'கூட வரவில்லை. அன்றைக்குப் படி இறங்கும்போது இரண்டிரண்டு படியாகத் தாண்டினாள்.

இயக்குநர் பார்த்துப் பரவசமானார். "அருமை! ஆனா தரவு பத்தலைம்மா. உள்ள போனவர் பேர் வேணும். போன நேரம் வேணும். கழிப்பறை வாசல்ல பெருசா ஒரு திரை வேணும்."

"கழிப்பறைக்குப் போனவர் பேர் எதுக்கு சார்?"

"பேர் இல்லாத தரவு அநாதைம்மா."

பேரைச் சேர்த்தாள். ஒரு சந்தேகம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. வழிகாட்டியிடம் போனாள். "அண்ணா, வெளிய வந்தவங்க தட்ட மறந்துட்டா? பதினைஞ்சு நிமிஷம் ஆனா அதுவாப் பச்சையாகற மாதிரி எழுதிடறேனே. எப்படிண்ணா எழுதறது?"

"அது முடியாது. நேரத்தைக் காட்டறது முதல் நிலை. நேரத்தைக் கழிக்கறது இரண்டாம் நிலைப் பாடம். அதுக்குத் தனியாச் சேரணும்."

இப்படியாக, நேரத்தைக் கழிக்கத் தெரியாத ஒரு செயலி கழிப்பறைக்குப் பொறுப்பேற்றது. திங்கள்கிழமை இயக்குநர் அதை நாடா வெட்டித் தொடங்கிவைத்தார். கூடவே ஒரு விதியும் போட்டார்: செயலி பச்சை காட்டாமல் உள்ளே போகிறவருக்கு ஒருநாள் வருகை வெட்டு. "நம்ம பொருளை நாமே நம்பலைன்னா வேற யார் நம்புவாங்க?"

செவ்வாய்க்கிழமை காலை பத்து பன்னிரண்டுக்கு இயக்குநர் உள்ளே போனார். பத்து பதினேழுக்கு வெளியே வந்தார். வந்தவர், தம் சொற்பொழிவைப் படம்பிடித்துக்கொள்ளக் கைபேசியில் இடம் போதாததால், இருந்த செயலிகளில் ஒன்றை அழித்தார். அது 'காலியா?'.

பத்தரை மணிக்கு அவர் மேடையில் நின்று பொறுப்புணர்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வாசல் திரையில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது: 'உள்ளே: இயக்குநர். 10.12 முதல்.'

"சார் இங்கதானே இருக்கார்?" என்று சொட்டுக் கணக்கிப் பையன் கிசுகிசுத்தான்.

"இருக்கார். உள்ளயும் இருக்கார்," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"கதவு திறந்து கிடக்கே?"

"கதவை நம்பறதுக்கா செயலி செஞ்சோம்?"

யாராவது இயக்குநரிடம் சொல்லவேண்டும். வழிகாட்டியைப் பிடித்துத் தள்ளினார்கள். அவர் பாதி வழி போய்த் திரும்பிவந்தார். "'சார், நீங்க இன்னும் கழிப்பறைக்குள்ளதான் இருக்கீங்க'ன்னு ஒரு பெரிய மனுஷன் முகத்துக்கு நேரா எப்படிப்பா சொல்றது?"

பட்டமே போய்ச் சொன்னாள். இயக்குநர் முழுதாகக்கூடக் கேட்கவில்லை. "குறை சொல்றவங்க நிறைய பேர்மா. நிரூபிக்கறவங்கதான் கம்மி," என்று புன்னகைத்துவிட்டுப் போனார். அவருக்கென்ன, அவர் அறையோடு சேர்ந்து தனிக் கழிப்பறை ஒன்று இருந்தது. செவ்வாயன்று அதில் தண்ணீர் வரவில்லை, அவ்வளவுதான்.

வருகை குறைந்தால் சான்றிதழ் போய்விடும். முப்பத்தொரு பேரும் இரண்டாம் மாடிப் பல் மருத்துவரிடம் இறங்கினார்கள். அவர் தம் தொழில் வாழ்க்கையில் அப்படியொரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. "எந்தப் பல்லு?" என்று ஆவலாகக் கேட்டார். "பல்லு இல்ல டாக்டர், அவசரம்," என்றான் சொட்டுக் கணக்கி. மறுநாள் அங்கேயும் மற்ற மாடிகளிலும் பூட்டுத் தொங்கியது. பிறகு பேருந்து நிலையம் வரை ஓட்டம். பட்டமும் ஓடினாள். இயக்குநர் போட்ட விதிக்குப் பயந்து, தானே எழுதிய செயலியைத் திட்டிக்கொண்டே ஓடினாள்.

"உங்க மாடில என்னடி ஆச்சு?" என்றாள் அம்மா புதன்கிழமை. "நேத்துக் கழுவினது அப்படியே பளபளன்னு கிடக்கு. எல்லாரும் ஒரே நேரத்துல உடம்புக்கு முடியாமப் படுத்துட்டீங்களா?"

செயலியை எழுதியது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டு மகள் நடந்ததைச் சொன்னாள். அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

வியாழக்கிழமை மதியம் அம்மா அதே படியில் உட்கார்ந்திருந்தாள். சிரிக்கவில்லை.

"மேனேஜர் கூப்பிட்டாருடி. ஒண்ணாம் தேதியிலேருந்து வரவேண்டாமாம்."

"ஏன்?"

"மூணாம் மாடி பாத்ரூமை இந்த மூணு நாள்ல ஒரே ஒருத்தர்தான் உபயோகிச்சிருக்காங்களாம். கம்ப்யூட்டர்ல கணக்கு வந்திருக்காம். மத்த மாடிக்கும் அந்த மெஷினையே மாட்டப்போறாங்களாம். வாரத்துக்கு ஒருநாள் வெளியாளைக் கூப்பிட்டாப் போதுமாம்." அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். கை ஈரமாகவே இல்லை. "யாரு போட்ட கணக்குன்னு கேட்டேன். எங்க பயிலகத்தோட கண்டுபிடிப்புன்னு சொன்னார், அங்கேயே உக்காந்திருந்த உங்க சார்."

"நான்தாம்மா."

"என்ன நீதான்?"

"அதைச் செஞ்சது நான்தாம்மா."

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நல்லாத்தான் வேலை செய்யுதுடி."

திட்டியிருக்கலாம். ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம். அந்தப் பாராட்டைத்தான் பட்டத்தால் தாங்க முடியவில்லை.

பயிலகம் கொள்கையின் பேரில் குப்பையில் போட்ட புத்தகங்களை அம்மா தூக்கிப்போட மனமின்றி மாடிப்படிக்குக் கீழே அடுக்கிவைத்திருந்தாள். பட்டம் அதில் ஒன்றை இழுத்தெடுத்தாள். முந்நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் இருந்தது நேரத்தைக் கழிக்கும் வழி. மொத்தம் நான்கு வரிகள். தனியாகச் சேராமலே அரைமணி நேரத்தில் பாடம் முடிந்தது. திருத்திய நிரலோடு இயக்குநர் அறைக்குள் நுழைந்தாள்.

"சார், செயலில பிழை இருக்கு. சரி பண்ணிட்டேன். மாத்திடலாம்."

"நாளைக்கு அதிகாரி வராங்க. இப்ப ஒரு எழுத்தைக்கூடத் தொடக்கூடாது."

"கணக்கு தப்பு சார். ஒருத்தர் இல்லை. முப்பத்தொரு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிட்டிருக்கோம்."

"அதுதான்மா இந்தச் செயலியோட வெற்றியே!" இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "பயன்பாடு ஒண்ணுதான்னு காட்டினதாலதான் மேனேஜர் நாலு மாடிக்கும் கேக்கறார். பயன்பாட்டையே குறைக்கற பயன்பாடு! உலகத்துல வேற யார்கிட்ட இருக்கு? சிறந்த செயலி உன்னோடதுதான், எழுதிவெச்சாச்சு. வேலை உனக்கு. வாயைத் திறக்காம இரு."

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். கண்ணியமான அம்மையார். இரண்டரை மணி நேரம் காரில் வந்திருந்தார். வந்ததும் தேநீர், அடுத்துத் தண்ணீர், அடுத்து இயக்குநரின் வரவேற்புரை, மறுபடி தேநீர். கட்டட மேலாளர் முன்வரிசையில் இருந்தார். வாசலோரம் வாளியோடு அம்மா நின்றாள். விருந்தினர் வரும் நாளில் மட்டும் இரண்டு தடவை கழுவச் சொல்லியிருந்தார்கள்.

இயக்குநர் 'காலியா?'வின் பெருமையை விளக்கி முடிப்பதற்குள் அம்மையார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "நல்லா இருக்கு சார். ரொம்ப நல்லா இருக்கு. இங்க ரெஸ்ட் ரூம்..."

எல்லோரும் வாசல் திரையைப் பார்த்தார்கள். சிவப்பு.

"யாரோ உள்ள இருக்காங்க மேடம். ஒரு நிமிஷம்," என்றார் இயக்குநர்.

ஒரு நிமிடம் ஆயிற்று. ஐந்து ஆயிற்று. அம்மையார் ஒரு காலின்மேல் இன்னொரு காலைப் போட்டார். மாற்றிப் போட்டார்.

"யாரு சார் அவ்வளவு நேரமா உள்ள?"

முப்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். வழிகாட்டி பட்டத்தின் பக்கம் சாய்ந்து, "பேசாம இரு. வேலை உனக்குத்தான்," என்றார். பட்டம் வாசலைப் பார்த்தாள். அம்மா வாளியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். பட்டம் எழுந்தாள்.

"உள்ள யாரும் இல்லை மேடம். கதவு திறந்துதான் இருக்கு. செயலி தப்பு. எழுதினது நான்தான். மூணு நாளா இங்க யாருமே அந்தக் கழிப்பறைக்குப் போகலை, இது சிவப்பா இருக்கறதால."

"பதட்டத்துல பேசறா மேடம்," என்றார் இயக்குநர். "செயலி தப்பாகாது."

"அப்ப உள்ள இருக்கறது நீங்கதான் சார். செவ்வாய் பத்து பன்னிரண்டுலேருந்து. பேர் போட்டிருக்கு, படிச்சுப் பாருங்க."

இயக்குநர் முதல்முறையாகத் திரைக்குப் பக்கத்தில் போய்ப் படித்தார். தம் உடம்பை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு, பெரிய மனிதர்களுக்கே உரிய நிதானத்தோடு, "ஒருவகைல பார்த்தா... உள்ளதான் இருக்கேன்," என்றார்.

மேலாளர் எழுந்துவிட்டார். "சார், எனக்கு ஒண்ணு சொல்லுங்க. நீங்க குடுத்த அறிக்கை சரின்னா நீங்க உள்ள இருக்கணும். நீங்க இங்க இருந்தா அறிக்கை தப்பு. ரெண்டுல எது?"

"அறிக்கை சரிதான்."

"அப்ப நான் யார்கூடப் பேசிட்டிருக்கேன்?"

இந்த விவாதம் எங்கே போயிருக்குமோ, அம்மா குறுக்கே வந்துவிட்டாள். அம்மையாரின் கையைப் பிடித்தாள். "நீங்க வாங்கம்மா. இவங்க முடிவு பண்றதுக்குள்ள உங்களுக்கு என்னமாவது ஆயிடும். இப்பத்தான் கழுவிவெச்சேன்."

அம்மையார் ஓடினார். சிவப்புத் திரைக்கு நேர் கீழே திறந்து கிடந்த கதவு மூடியது. வானம் இடிந்து விழவில்லை.

மேலாளர் அம்மாவிடம் திரும்பினார். "ஒண்ணாம் தேதி எப்பவும்போல வந்துடுங்கம்மா. மூணு நாளாக் கழிப்பறையை விட்டே வராத ஆள் குடுத்த கணக்கை நம்பி நானும்..." மிச்சத்தை விழுங்கிக்கொண்டு போய்விட்டார்.

அம்மையார் திரும்பி வந்தபோது முகத்தில் ஞானம் பொலிந்தது. "அந்தப் பொண்ணு சொன்னது நிஜமா? மூணு நாளாக் கதவு திறந்து கிடந்தும், யாருமே உள்ள போகலையா?"

"போகலை மேடம்," என்றார்கள் முப்பது பேரும்.

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட."

அம்மையாரின் கண்கள் கலங்கின. "இப்படிப்பட்ட ஆட்களைத்தான் எங்க நிறுவனம் பத்து வருஷமாத் தேடிட்டிருக்கு! ஒரு வேலைதான் குடுக்கறதா இருந்தேன். முப்பது பேரையும் எடுத்துக்கறேன். ஆறு மாசம் பழகுநர். சம்பளத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்."

"முப்பத்தொரு பேர் மேடம்," என்றார் வழிகாட்டி, நல்ல மனதோடு.

"இல்லை, முப்பதுதான். அந்தப் பொண்ணு கதவைப் பார்த்துப் பேசறா. எங்களுக்குத் திரையைப் பார்க்கறவங்க வேணும்."

முப்பது பேரும் கைதட்டினார்கள். சொட்டுக் கணக்கிப் பையன் சந்தோஷத்தில் அதையும் எண்ணினான்.

மாலையில் பட்டம் சான்றிதழ் கேட்கப் போனாள். "செயலியில் பிழை செய்தமையால் வழங்க இயலாது" என்று எழுதி நீட்டினார் இயக்குநர்.

"செய்து பிழைன்னுதானே சார் எழுதியிருக்கீங்க?"

"அது சுவர்ல இருக்கறதும்மா," என்றார் அவர், பொறுமையாக.

சனிக்கிழமை பத்து மணிக்குக் குழுப் படம் எடுக்க ஏற்பாடு. ஆறு மணிக்கு அம்மாவோடு பட்டமும் வந்தாள், துடைப்பம் பிடிக்க. சுவரைத் துடைக்கவேண்டியிருந்தது. அம்மா முக்காலியைப் பிடித்துக்கொள்ள, மகள் ஈரத்துணியோடு மேலே ஏறினாள். 'தரம் எங்கள் உயிர்' வரியில் முதல் எழுத்து லேசாகப் பெயர்ந்து நின்றது. நகத்தால் நெம்பினாள். 'த' கையோடு வந்துவிட்டது.

"ஏய், எழுத்தை எதுக்குடி பிடுங்கறே?"

மகள் மேல்வரியின் பாதி எழுத்துகளைக் கொஞ்சம் தள்ளி ஒட்டிவிட்டு, நடுவில் அந்தத் 'த'வைப் பொருத்தி, உள்ளங்கையால் அழுத்தினாள்.

"பிழை திருத்தறேன்மா."

அம்மா நிமிர்ந்து எழுத்துக்கூட்டினாள். மேல்வரியைப் படித்து முடித்துத் தலையை ஆட்டிக்கொண்டாள். கீழ்வரிக்கு வந்தபோதுதான் முக்காலி ஆடியது. 'ரம் எங்கள் உயிர்' என்பதைப் படித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் பட்டம் கீழே விழாதது ஆச்சரியம்.

பத்து மணிக்குப் படம் எடுத்தார்கள். யாரும் சுவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் படக்கருவியின் திரையைத்தான் பார்த்தார்கள். பெரிதாக அச்சிட்டு நகரமெங்கும் ஒட்டியிருக்கிறார்கள். எல்லாப் பேருந்து நிலையங்களிலும் காணலாம். முப்பது பேர் சிரிக்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே, கையகல எழுத்துகளில், பயிலகத்தின் மொத்த வரலாறும் ஒரே வரியில் இருக்கிறது: 'செய்தது பிழை'.

அடியில் இயக்குநர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.